விபத்து வழக்கு மட்டும் நடத்திக் கௌரவமாகப் பிழைக்க முடியுமா?

ஐந்தாமாண்டு சட்ட மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “படிப்பு முடிந்ததும் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. ‘ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வேலைக்கா இத்தனை வருஷம் படித்தாய்’ என்கிறார் அப்பா. இதில் கௌரவமாகப் பிழைக்க முடியுமா?” கேள்வி வருமானத்தைப் பற்றியது போல இருக்கிறது. ஆனால் அவர் உள்ளுக்குள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. கால் போனவருக்கும் கணவனைப் பறிகொடுத்தவளுக்கும் வருகிற பணத்திலிருந்துதான் நமக்கும் கூலி வரும். அதைக் கை கூசாமல் வாங்க ஒரு வழி உண்டா? அப்படித்தான் அவர் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் 21 வருஷமாக வக்கீல். என் மேசைக்கு வரும் கட்டுகளில் பத்துக்கு எட்டு எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுவதால் வழக்குக்குப் பஞ்சமில்லை. இதை ஒரு வக்கீல் வாய்விட்டுச் சொல்லக்கூடாதுதான். எனக்குத் தெரிந்தது மாவட்ட நீதிமன்ற அளவில் சாலை விபத்து வழக்கு. மருத்துவத் தவறு வழக்கு நடத்தியதில்லை. தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான். மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றத்தில் இருக்கும் தோழியிடம் கட்டைக் கொடுத்துவிடுவேன். ஆகவே நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா சொல்வதில் பொய் இல்லை. விபத்து நடந்த சில மணி நேரத்தில் வார்டில் வேலை செய்யும் யாரோ ஒருவர் யாருக்கோ போன் போடுவார். புரோக்கர் வந்து நிற்பார், கையில் காலி வக்காலத்து இருக்கும். ஸ்ட்ரெச்சரில் மயக்கம் தெளியாமல் கிடந்தவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழக்குப் பிடிக்க ஆள் வைப்பதும் விளம்பரம் செய்வதும் இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆம் விதிப்படி தவறு. விதி இருக்கிறது, புரோக்கரும் இருக்கிறார். அதே வார்டுக்கு இன்னொருவரும் வருவார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி முதலாளியின் ஆள். “இந்தாங்க பத்தாயிரம், கேஸ் எதுக்கு, வீணா அலைச்சல்” என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு நேரான யோசனை சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கத் தேவையில்லை. ஆனால் தேடி வருபவருக்குக் கிடைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

புரோக்கரே தேவைப்படாத ஏற்பாடு சட்டத்தில் இப்போது இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தி நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில், அறிக்கை எப்போது வரும் என்பது அந்தந்த ஸ்டேஷனில் ரைட்டருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அறிக்கை வந்தாலும் அதில் விபத்து இருக்கும், அடிபட்டவரின் வாழ்க்கை இருக்காது. அதைச் சேர்ப்பதுதான் நம் வேலை.

இந்த வேலையில் வாதத்திறமைக்கு இருக்கும் இடம் நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் முதல் சில வாரங்களில் சேர்க்கும் தாள்களில்தான். எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத் தரும் எம்.வி.ஐ. ரிப்போர்ட், வண்டியின் ஆர்.சி., பாலிசி, டிரைவர் லைசென்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் நாலு வரி. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம் இதை நான் பாடமாகக் கற்றேன், செலவு என் கட்சிக்காரருடையது. டி.வி.எஸ். 50-இல் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ் கேஸ் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து, “தானா விழுந்துட்டாருங்க” என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார். எஃப்.ஐ.ஆர். போட்டது 19 நாள் கழித்து. நான் எஃப்.ஐ.ஆரை நம்பி மனுப் போட்டேன், ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பார்க்கவே இல்லை. இன்சூரன்ஸ் வக்கீல் வாங்கியிருந்தார். குறுக்கு விசாரணையில் அதை என் கட்சிக்காரர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மனு தள்ளுபடியானது. தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடியது எவ்வளவோ இருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பதிவு செய்திருக்கலாம். வேனின் முன்பக்கத்தில் இருந்த சிராய்ப்பை எம்.வி.ஐ. ரிப்போர்ட்டிலிருந்து காட்டியிருக்கலாம். இது கொலை வழக்கு இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தீர்ப்பாயத்துக்குத் தோன்றினால் போதும். மேல்முறையீட்டுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. “விடுங்கம்மா, தலையெழுத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனுக்கு ஒரு முற்பகல் நான் போயிருந்தால் போதும். அதற்குப் பிறகு ஏ.ஆர். காப்பி கைக்கு வராமல் ஒரு மனுவிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பாலிசியையும் முதல் வாரத்திலேயே வரி வரியாகப் படிக்க வேண்டும். எங்கள் பக்கம் காதுகுத்து, கோயில் பொங்கல் என்றால் ஊரே டாடா ஏஸில் ஏறிப் போகும். அது சரக்கு வண்டி. சும்மா ஏறிப்போன ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன் சரக்கோடு போனவர் என்றால் கதை வேறு. அதே போல, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கிற பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர், அந்த பைக் ஓட்டியவரின் தவறால் அடிபட்டால், கம்பெனி கையை விரித்துவிடும். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் கம்பெனி முதலில் கட்டிவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவது வழக்கம். சரக்கு வண்டி விஷயத்தில் அந்தச் சலுகையைச் சில தீர்ப்பாயங்கள் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. கொடுத்தாலும் மேல்முறையீட்டில் நிற்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இதையெல்லாம் முதல் நாளே கட்சிக்காரரிடம் சொன்னால் பாதிப் பேர் வேறு வக்கீலைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும்.

அடுத்து, ஊனம். ஊனம் எத்தனை சதவீதம் என்று மெடிக்கல் போர்டு எழுதித் தரும். எங்கள் நீதிமன்றங்களில் நெடுநாளாக ஒரு சுலபக் கணக்கு ஓடுகிறது: ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று வைத்துப் பெருக்கிவிடுவது. நான் வந்த காலத்தில் ஆயிரம், இரண்டாயிரம். இப்போது ஐந்தாயிரம் வரை போகிறது. சின்னக் காயங்களுக்கு அது போதும். ஆனால் விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பனையேறிக்கு அது எப்படிப் போதும்? வயது 38. வலது முழங்காலில் தகடு வைத்துத் திருகியிருந்தது. கால் முழுதாக மடங்காது. போர்டு கொடுத்தது 30 சதவீதம். ஐந்தாயிரத்தால் பெருக்கினால் ஒன்றரை லட்சம், முடிந்தது கதை.

அவர் காலில் மாட்டும் தளையை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். நான் கொண்டுவரச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல், “நடந்துதானே வந்தீர்கள்? இந்தக் கூண்டில் ஏறித்தானே நிற்கிறீர்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றார். மறு விசாரணையில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “மரம் ஏறும்போது காலை எப்படி வைப்பீர்கள்?” அவர் பையிலிருந்து தளையை எடுத்து இரண்டு பாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கூண்டின் கட்டையைப் பிடித்தபடி குந்தப் பார்த்தார். இடது கால் மடங்கியது, வலது கால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நீதிபதி, “போதும், எழுந்திருங்கள், குறித்துக்கொண்டேன்” என்றார். உடலின் ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒன்று, அதனால் அவர் செய்த தொழிலில் எத்தனை சதவீதம் போனது என்பது இன்னொன்று. இதை 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. நான் முழுத் தொழிலும் போய்விட்டது என்று வாதிட்டேன். அவர் வேறு வேலை ஏதாவது செய்யலாமே என்று தீர்ப்பாயம் 60 சதவீதம் எடுத்தது. நலவாரிய அட்டையும் பதநீர் வாங்கிய வியாபாரியின் சாட்சியும் இருந்ததால் மாத வருமானம் 9,000 ரூபாய் என்று நின்றது. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 12,600. வருஷத்துக்கு 1,51,200. அவர் வயதுக்குப் பெருக்கெண், அதாவது வருஷ வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15. அதில் 60 சதவீதம் 13,60,800 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கும் இதற்கும் நடுவில் இருந்தது அந்த மஞ்சள் பை. அறுபதா நூறா என்பதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. பனை ஏறுவதைத் தவிர வேறெதுவும் அறியாத ஆளுக்கு அந்த வேறு வேலை எங்கே இருக்கிறது?

இங்கே எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெருக்கெண் உறுதி. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட அட்டவணை: 15 முதல் 25 வயது வரை 18, 36 முதல் 40 வரை 15, 46 முதல் 50 வரை 13 என்று இறங்கி, 65-க்கு மேல் 5. இறந்தவர் தனக்குச் செலவழித்திருப்பார் என்று கழிக்கும் பங்கும் அதிலேயே இருக்கிறது: கல்யாணமாகாதவருக்குப் பாதி, இரண்டு மூன்று பேர் அவரை நம்பி இருந்தால் மூன்றில் ஒன்று, நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒன்று. எதிர்கால உயர்வுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. இவை பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி.

உறுதியில்லாதது மாத வருமானம். சம்பளச் சீட்டு உள்ளவர்கள் நம் கட்சிக்காரர்களில் எத்தனை பேர்? கர்நாடகத்தில் 2008-இல் ஒரு விபத்தில் கால் போன காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் என்று 2014-இல் சையத் சாதிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எத்தனையோ வழக்கு நடத்தியிருக்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் கீர்த்தி வழக்கு அழுத்திச் சொன்னது. ஆனால் மனைவியை இழந்து வருகிற கணவரிடம் “அவங்க என்ன வேலை செய்தாங்க?” என்று கேட்டால், “சும்மாதாங்க வீட்டுல இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொள்கிற வக்கீலும் உண்டு. நான் “காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?” என்று ஆரம்பிப்பேன். இரண்டு மாடு, சொசைட்டிக்குப் பால், களை எடுக்கப் போனது, மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கே அப்போதுதான் தெரியவரும். சட்டக் கல்லூரியில் இதற்குத் தாள் கிடையாது.

காலக்கெடு பற்றி ஓர் எச்சரிக்கை. 1988 சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருந்தது. 1994-இல் அதை எடுத்தார்கள். 2019 திருத்தத்தில் மறுபடி கொண்டுவந்து 2022 ஏப்ரல் முதல் அமலாக்கினார்கள். அதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நடந்தன. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்கக்கூடாது. ஆறு மாதம் என்றே மனதில் வைத்து வேலை செய்யுங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த வழக்கு நடத்துபவர்கள் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் எடுத்துக்கொள்வது சாதாரணம், அங்கே அது சட்டப்படி சரி. இங்கே பார் கவுன்சில் விதி 20 அதைத் தடை செய்கிறது: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக்கூடாது. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற இன்னொரு விதி இவ்வளவு மீறப்பட்டு நான் பார்த்ததில்லை. வாய்மொழியாகப் பத்து, இருபது சதவீதம் என்று பேசுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அவர்கள் சொல்லும் நியாயமும் எனக்குத் தெரியும். கட்சிக்காரர் கையில் காலணா இல்லை, கோர்ட் ஃபீஸ் முதல் மெடிக்கல் போர்டுக்கு ஆட்டோ வாடகை வரை வக்கீல்தான் போடுகிறார், மூன்று வருஷம் கழித்து வருகிற பணத்தில் எடுக்காமல் வேறு எதில் எடுப்பது? அந்தக் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் சதவீதம் பேசினவுடனே கட்சிக்காரரின் கால் நமக்கு முதலீடாகிவிடுகிறது. ஊனம் கூடினால் நமக்கு லாபம். அந்த இடத்துக்குப் போகாதீர்கள்.

நான் செய்வது இது. முதல் நாளே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன்: மனுத் தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு, கைச்செலவு தனியாக ரசீதோடு. முடிவு எதுவானாலும் தொகை இதுதான். கையில் இருப்பதைக் கொடுக்கலாம், மீதியைப் பிறகு தரலாம். தீர்ப்பிலேயே வழக்கறிஞர் கட்டணம் என்று ஒரு தொகை போட்டு எதிர்த்தரப்பைக் கட்டச் சொல்வார்கள், அதை இதில் கழித்துக்கொள்வேன். இப்போது நீங்கள் கேட்பீர்கள், தோற்ற வழக்கில் மீதிப் பணத்தைப் போய் வாங்கினாயா என்று. வாங்கினதில்லை. டி.வி.எஸ். 50-காரரிடம் போய் எப்படிக் கேட்பது? அப்படியானால் நடைமுறையில் என் கட்டணமும் ஜெயித்தால்தான் வருகிறது என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் மடக்கலாம். மடக்கட்டும். பங்கு கேட்பதில்லை என்ற அளவில்தான் என் சுத்தம்.

இப்படிப் பிழைக்க முடியுமா? முடியும், ஆனால் மெதுவாக. ஆரம்பத்தில் ஜூனியராகத்தான் இருக்க வேண்டும். நான் சேர்ந்தபோது சீனியர் மாதம் 1,500 ரூபாய் கொடுத்தார், அதுவும் எல்லா மாதமும் இல்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் சீனியர் தருவாரா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். தனியாக வந்த பிறகு முதல் மூன்று வருஷம் குடும்ப வழக்கு, செக் மோசடி என்று எது வந்தாலும் எடுத்து வண்டியை ஓட்டினேன். ஒரு விபத்து வழக்கு மனுவிலிருந்து தீர்ப்புக்கு வர என் அனுபவத்தில் இரண்டு முதல் நாலு வருஷம். ஏழாவது வருஷத்தில்தான் பழைய கட்சிக்காரர்கள் புதியவர்களை அழைத்துவர ஆரம்பித்தார்கள். பெண் வக்கீல் என்பதால் முதலில் தயங்கினவர்கள் உண்டு; “வக்கீலம்மா கிட்ட அழலாம்” என்று தேடி வந்தவர்கள் அதைவிட அதிகம்.

இந்த மெதுவான வருமானம்தான் நம்மைச் சோதிக்கும், அதுவும் லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம் கூடும் அன்று. இன்சூரன்ஸ் கம்பெனி ஆறு லட்சம் என்கிறது. நடத்தினால் ஒன்பது வரலாம், ஐந்தும் வரலாம். இன்று கையெழுத்துப் போட்டால் நம் கட்டணம் சீக்கிரம் வரும், பையனின் ஸ்கூல் ஃபீஸ் கட்டலாம். அந்த நிமிஷத்தில் “நல்ல தொகை, வாங்கிக்கோங்க” என்று நாக்கு தானாக வரும். எனக்கும் வந்திருக்கிறது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: இரண்டு தொகையையும் சொல்லி, லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதையும் சொல்லி, நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவர்கள் வீட்டாரோடு பேசி முடித்த பிறகுதான் திரும்பி வருவேன். ஆறு லட்சத்தை வாங்கிக்கொள்வதுதான் சரி என்ற சமயங்களும் நிறைய. மீட்டர் வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு மூன்று வருஷம் கழித்து வரும் ஒன்பதால் என்ன பயன்?

எதிரே வழக்கு நடத்தும் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் பேனலில் சேர உங்களையும் கூப்பிடுவார்கள். அதில் தப்பில்லை, என் நல்ல நண்பர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள், போலி வழக்குகளைப் பிடித்துக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். ஓடாத வண்டியை விபத்தில் சேர்ப்பது, மாடியிலிருந்து விழுந்தவரைச் சாலையில் விழவைப்பது எல்லாம் நடக்கிறது. அப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வழக்கு மாட்டினால், உங்கள் பெயர் போட்ட மற்ற எல்லா உண்மை வழக்கையும் நீதிபதி சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

தீர்ப்போடு வேலை முடிவதாக நினைக்கிறவர்கள்தான் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும். அரசுப் பேருந்து என்றால் இன்சூரன்ஸே இருக்காது, போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்து, நிறைவேற்று மனுப் போட்டு, அமீனா பஸ் ஸ்டாண்டில் பேருந்தை ஜப்தி செய்தார் என்ற செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். பணம் வந்ததும் அதை எடுக்க செக் பெட்டிஷன். கட்சிக்காரரின் கணக்குக்கே நேராகப் போகிறதா என்று நாமே பார்க்க வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை வங்கியில் வைப்பாக இருக்கும். அந்த ரசீதின் நகல் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரும் 18 முடியும் தேதியும். என் குமாஸ்தா ஒவ்வொரு ஜனவரியிலும் அதைப் புரட்டி அந்த வருஷம் முடிகிறவர்களுக்குப் போன் செய்வார். பாதி நம்பர்கள் மாறியிருக்கும். ஊர்ப் பெயரை வைத்து வி.ஏ.ஓ., ரேஷன் கடை என்று விசாரிக்க வேண்டியிருக்கும். இதற்கு யாரும் ஃபீஸ் தருவதில்லை.

போன மாதம் அப்படி ஒரு பெண் வந்தாள், கூடவே அம்மா. அப்பா லாரியில் அடிபட்டபோது அவளுக்கு நாலு வயது. வழக்கு நடந்தபோது அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து என் மேசை மீதிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் கேட்டு அழுதவள். இப்போது நர்சிங் முதல் வருஷம், காலேஜில் இரண்டாவது தவணை கேட்கிறார்களாம். ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் வாங்கி மனுவோடு வைத்துப் பார்த்தேன். தீர்ப்பில் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் தப்பாக அச்சாகியிருந்தது. மனுவிலும் அதே தப்பு, பதினாலு வருஷம் முன்பு நான்தான் அந்த மனுவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வங்கி மேனேஜர் நிச்சயம் நிறுத்துவார். “ஒரு அஃபிடவிட், ஒரு திருத்த மனு, மூணு வாரத்துல முடிச்சுடலாம், என் தப்பு, இதுக்குக் காசு வேண்டாம்” என்றேன். அவள் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டே, “மூணு வாரம்னா தேதி சொல்லுங்க மேடம், காலேஜ்ல எழுதிக் கொடுக்கணும்” என்றாள். தேதியைக் குறித்துக் கொடுத்தேன்.